தராசு எப்படி நியாயத்துக்கு அடையாளம் ஆனது?

கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) ஒன்றில் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “நீதிமன்றம் என்றாலே இரண்டு தட்டுத் தராசைப் படமாகப் போடுகிறார்கள். எங்கள் ஊரில் அந்தத் தராசு கண்ணில் படுவதே அபூர்வம், எல்லாம் எலக்ட்ரானிக். தராசு எப்போது வந்தது? அது எப்படி நியாயத்துக்கு அடையாளம் ஆனது? இன்றைக்கும் அந்தப் படத்துக்கு அர்த்தம் உண்டா?”

குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் பச்சை இலை எடை போடும் இடத்தில் வெகுகாலம் வேலை பார்த்தவன் நான். இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தராசு துல்லியமான கருவி, அதனால்தான் நியாயத்துக்கு அடையாளம் ஆனது என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அது பாதிப் பதிலாகத்தான் படுகிறது. சந்தைக்கடைத் தராசுகளில் பல அவ்வளவு துல்லியமாக இருந்ததில்லை. அதன் பலம் வேறு. கொடுப்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே நின்று ஒரே முள்ளைப் பார்க்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும். சந்தேகம் வந்தால் அங்கேயே, அப்போதே சோதித்துவிடலாம். பலம் குறைந்தவர் பலம் மிகுந்தவரைக் கேள்வி கேட்க இடம் தந்த கருவி அது. அடையாளம் ஆனதற்கு இதுதான் காரணம் என்பது என் கருத்து.

அந்தத் தராசைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் இது புரியும். நடுவில் ஒரு தண்டு. அதன் மையத்தில் முக்கோணமாகச் சீவிய எஃகுத் துண்டு ஒன்று, கூர் முனை கீழே பார்த்தபடி இருக்கும். தண்டின் முழுப் பாரமும் அந்த ஒரு விளிம்பில்தான் நிற்கிறது. தண்டின் இரண்டு நுனியிலும் அதே மாதிரித் துண்டுகள், ஆனால் கூர் மேலே பார்த்து இருக்கும். தட்டுகள் அவற்றில் தொங்கும். இந்த மூன்று முனைகளும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், மையத்திலிருந்து இரண்டு பக்கமும் ஒரே நீளம் இருக்க வேண்டும். தண்டின் கனமையம் நடுமுனைக்குச் சற்றே கீழே விழ வேண்டும். மேலே போய்விட்டால் தண்டு ஒரு பக்கமாகக் கவிழ்ந்துவிடும். ரொம்பக் கீழே போய்விட்டால் தராசு மந்தமாகிவிடும், சின்ன வித்தியாசத்துக்கு முள் அசையவே அசையாது. நம் மலையில் மழையும் பனிமூட்டமும் சேர்ந்து எஃகில் சீக்கிரம் துரு ஏற்றும். துரு ஏறினால் முனை மழுங்கும், மழுங்கினால் தராசு மந்தமாகும். அதனால்தான் நல்ல தராசுகளில் முனை உட்காரும் இடத்தில் இரும்புக்குப் பதிலாக அகேட் கல்லைப் பதிப்பார்கள்.

இதில் ஏமாற்ற முடியாதா? தாராளமாக முடியும். ஒரு பக்கத் தண்டை நூற்றில் ஒரு பங்கு நீளமாக வைத்தால் போதும், ஒரு கிலோவுக்குப் பத்து கிராம் போய்விடும், கண்ணுக்குத் தெரியாது. காலித் தட்டோடு பார்த்தால் முள் நேராகத்தான் நிற்கும், ஏனென்றால் அந்த வித்தியாசத்தைத் தட்டின் கனத்தில் சரிக்கட்டி இருப்பார்கள். ஆனால் சரக்கையும் படிக்கல்லையும் தட்டு மாற்றிப் போட்டால் குட்டு உடைந்துவிடும். ஒரு பக்கம் 1,010 கிராம் காட்டியது மறுபக்கம் 990 காட்டும். சந்தையில் வயதான பெண்கள் “தட்டை மாத்திப் போடுப்பா” என்று கேட்பது இதற்காகத்தான். கள்ளத் தராசிலேயே சரியான எடையைக் கண்டுபிடிக்கவும் ஒரு வழி உண்டு. சரக்கை ஒரு தட்டில் வையுங்கள், எதிர்த்தட்டில் மணலைக் கொட்டி முள்ளை நேராக்குங்கள். பிறகு சரக்கை எடுத்துவிட்டு, அதே தட்டில் மணலுக்குச் சமமாகப் படிக்கல்லைப் போடுங்கள். தண்டு கோணலாக இருந்தாலும் அந்தக் கல்லின் எடைதான் சரக்கின் எடை. சோதிக்கும் வழியைத் தன்னிடமே வைத்திருக்கிற கருவிகள் உலகத்தில் அதிகம் இல்லை.

சரி, எப்போது வந்தது? எகிப்து, மெசபடோமியா, சிந்துவெளி மூன்றிலும் 4,500 ஆண்டுகளுக்கு முன்பே தராசு புழக்கத்தில் இருந்தது. அதில் முதலில் எடை போட்டது காய்கறியையோ நெல்லையோ என்று நினைக்க வேண்டாம். தானியத்தைப் பாத்திரத்தால் அளந்தார்கள். நம் ஊரில் படியும் மரக்காலும் நேற்று வரை இருந்ததே, அது மாதிரி. தராசு தேவைப்பட்டது உலோகத்துக்கு: பொன், வெள்ளி, செம்பு. கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பெரிய நஷ்டம் தரும் பொருள்கள் அவை. நாணயம் கண்டுபிடிப்பதற்கு முன்பு மெசபடோமியாவில் வெள்ளியை நறுக்கி, நிறுத்துக் கொடுத்துத்தான் கடனைத் தீர்த்தார்கள். ஷெக்கல் என்பது முதலில் ஓர் எடை, காசானது பிறகு. கி.மு. 7ஆம் நூற்றாண்டில் லிடியாவில் (இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி) அடித்த முதல் நாணயங்களும், முன்கூட்டியே நிறுத்து முத்திரை குத்திய உலோகத் துண்டுகள்தான். நம் நாட்டில் இது தலைகீழாகவும் நடந்தது. பிரிட்டிஷ் காலத்தில் வெள்ளி ரூபாயின் எடையே ஒரு தோலா, அதாவது சுமார் 11.66 கிராம். அதனால் ரூபாயையே படிக்கல்லாகத் தட்டில் போட்டார்கள். நாட்டு மருந்துச் சீட்டில் “ஒரு ரூபாய் எடை”, “வராகன் எடை” என்று இன்னும் எழுதுவது அந்தப் பழக்கம்தான்.

சிந்துவெளிப் படிக்கற்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அவை பெரும்பாலும் சிறு கனசதுரங்கள், செர்ட் என்ற கடினமான கல்லில் வெட்டி வழவழப்பாகத் தேய்த்தவை. எழுத்தோ குறியோ கிடையாது. அடிப்படையில் 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகிறது வரிசை. அதில் 16ஆவது இடம் சுமார் 13.6 கிராம். பெரிய எடைகளுக்குப் பத்தின் மடங்குகள். ஹரப்பாவில் எடுத்த கல்லும், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி குஜராத்தின் லோத்தலில் எடுத்த கல்லும் ஒரே அளவுமுறையில் விழுகின்றன. இரட்டிப்பு முறை ஏன் என்று கேட்டால், தட்டில் வைத்துப் பார்த்தால் பதில் கிடைக்கும். 1, 2, 4, 8 என நான்கு கல் இருந்தால் 1 முதல் 15 வரை எந்த எடையையும் போட்டுவிடலாம். இன்னொரு லாபம், ஒரு கல் கையில் இருந்தால் அதற்குச் சமமாக இன்னொன்றைச் செய்து, இரண்டையும் சேர்த்து அடுத்த கல்லைத் தராசிலேயே உருவாக்கிக்கொள்ளலாம்.

தராசு எதற்கு வேண்டும் என்று யோசிக்க நீலகிரியே நல்ல இடம், ஏனென்றால் தராசு அதிகம் தேவைப்படாத ஒரு பொருளாதாரம் இங்கே வெகுகாலம் நடந்தது. கோத்தர்கள் அரிவாள், கோடாலி, மண்பானை செய்து கொடுத்தார்கள், விழாவுக்கும் சாவுக்கும் இசை வாசித்தார்கள். தோடர்களிடமிருந்து எருமை நெய் வந்தது. படுகர்கள் தானியம் கொடுத்தார்கள். குறும்பர்கள் தேனும் காட்டுப் பொருள்களும் கொண்டுவந்தார்கள். ஒரு படுகக் குடும்பத்துக்கு இன்ன கோத்தக் குடும்பம் என்று தலைமுறை தலைமுறையாக உறவு. வருஷம் முழுக்க அரிவாள் தீட்டிக் கொடுத்ததற்கு அறுவடையில் ஒரு பங்கு. ஒரு பானைக்கு இத்தனை பலம் (பழைய எடை அளவு) சாமை என்று அன்றன்றைக்கு நிறுத்துக் கணக்குப் பார்க்கும் ஏற்பாடு இல்லை அது. அதில் மனத்தாங்கலே வந்ததில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் குறை இருந்தால் யாரிடம் கேட்பது, எந்த வீட்டு வாசலில் போய் நிற்பது என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்த அறுவடைக்கும் அதே முகம்தான் வரும்.

தராசு வருவது முகம் தெரியாதவர் வரும்போது. 1819இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தார், பின்னால் உதகை நகரம் எழுந்தது, உருளைக்கிழங்கும் சீமைக் காய்கறியும் பயிரானது, அந்த நூற்றாண்டின் பின்பாதியில் தேயிலைத் தோட்டங்கள் பரவின. மேட்டுப்பாளையத்து மண்டியில் இருக்கிற வியாபாரிக்குக் கேத்தி விவசாயியின் பாட்டனாரைத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவர்கள் இருவருக்கும் நடுவில் ஒரு தராசு நின்றால்தான் வியாபாரம் நடக்கும். 1930களில் கோத்தர், படுகர் இடையிலான பழைய கொடுக்கல் வாங்கல் தளர்ந்துபோனதற்கும், சந்தையும் காசும் மலையில் நிலைத்ததற்கும் தொடர்பு உண்டு.

முகம் தெரியாதவர்களுக்கு நடுவில் நிற்கும் தராசுக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டுமல்லவா? அங்கேதான் அரசு நுழைகிறது. அர்த்தசாஸ்திரம் எடை அளவுகளுக்கென்றே ஓர் அதிகாரியைச் சொல்கிறது. படிக்கல்லை இரும்பிலோ, மகதம், மேகல நாட்டுக் கல்லிலோ, ஈரத்தால் கூடாத, வெப்பத்தால் குறையாத பொருளிலோ செய்ய வேண்டும் என்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இது இன்னும் அழகாக இருக்கிறது. முதலாம் ராஜராஜன் கொடுத்த பொன்னை “ஆடவல்லான்” என்னும் கல்லால் நிறுத்ததாகவும், நகைகளைத் “தக்ஷிணமேரு விடங்கன்” என்னும் கல்லால் நிறுத்ததாகவும் வெட்டி வைத்திருக்கிறார்கள். இரண்டும் இறைவனின் பெயர்கள். இத்தனை கழஞ்சு (அக்காலப் பொன் எடை) என்று எழுதினால் மட்டும் போதாது, எந்தக் கல்லால் என்றும் எழுத வேண்டும். நாளைக்கு யாராவது நிறுத்துப் பார்க்க விரும்பினால் அதே கல்லால் நிறுக்கலாம். ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரு பேரரசன் தன் கொடைக்கே இப்படித் தணிக்கைக்கு வழி வைத்துப் போயிருக்கிறான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும். இங்கிலாந்தில் 1215ஆம் ஆண்டு மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்தின் 35ஆவது பிரிவும் நாடு முழுக்க ஒரே அளவு, ஒரே எடை வேண்டும் என்று மன்னரிடம் எழுதி வாங்கியது.

நம் பக்கம் வெள்ளைக்காரர் காலம் முழுக்கப் புழங்கியது சென்னை எடைமுறை. 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு, 20 மணங்கு ஒரு பாரம். வீசை சுமார் 1.4 கிலோ, மணங்கு 25 பவுண்டு. ஆனால் வடக்கே மணங்கு என்றால் இதைவிட மூன்று மடங்குக்கும் மேல். ஊருக்கு ஊர் இப்படி இருந்தால் தூரத்து வியாபாரியிடம் சிறு விவசாயி என்னவென்று கணக்குக் கேட்பான்? 1956இல் எடை அளவுத் தரச் சட்டம் வந்து, 1958 அக்டோபரில் கிலோ அறிமுகமாகி, 1962க்குள் கட்டாயமானது. அந்தக் கிலோவின் மூலப் படி பிரான்சில் இருந்தது, 1889இல் உலகப் படியாக ஏற்றுக்கொண்ட பிளாட்டினம்-இரிடியம் கலவை உருளை. இந்தியாவுக்குக் கிடைத்த நகல் 57ஆம் எண், டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. நூறு வருஷத்தில் மூலப் படிக்கும் நகல்களுக்கும் இடையே 50 மைக்ரோகிராம் அளவுக்கு விலகல் தெரிந்தது. அதனால் 2019 மே 20 முதல் கிலோவைப் பிளாங்க் மாறிலி என்ற, எங்கும் மாறாத இயற்பியல் எண்ணை வைத்து வரையறுக்கிறார்கள். பூட்டிய அறையில் இருந்த ஒரே ஒரு கட்டியை உலகமே நம்பியிருந்த நிலை போய், தகுந்த கருவி உள்ள எந்த நாடும் தானே கிலோவைச் சரிபார்க்கலாம் என்று ஆனது. தட்டை மாற்றிப் போடும் உரிமை கடைசியில் கிலோவுக்கே வந்து சேர்ந்துவிட்டது.

இனி அடையாளம் பற்றி. இதில் மிகப் பழைய படம் எகிப்தில் கிடைக்கிறது. செத்தவருடைய இதயம் ஒரு தட்டில், சத்தியத்தின் தேவி மாஅத்தின் இறகு மறு தட்டில். இதயம் கனத்தால் பக்கத்தில் காத்திருக்கும் அம்மித் என்ற விலங்கு விழுங்கிவிடும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள அனி என்பவரின் பாப்பிரஸ் சுருள், சுமார் கி.மு. 1250ஐச் சேர்ந்தது, இதை விரிவாக வரைந்திருக்கிறது. அந்தப் படத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். நரித்தலைக் கடவுள் அனுபிஸ் மண்டியிட்டுத் தராசைச் சரிபார்க்கிறார். எழுத்துக்குரிய கடவுள் தோத் எழுதுகோலோடு நின்று கணக்கு எழுதுகிறார். இடது ஓரத்தில் அனியும் அவர் மனைவியும் குனிந்து நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நிறுப்பவர் ஒருவர், எழுதுபவர் வேறொருவர், நிறுக்கப்படுபவர் எதிரிலேயே நிற்கிறார். தேயிலை எடை போடும் கொட்டகையில் நியாயம் நடக்க என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அந்தப் படத்தில் இருக்கிறது.

தமிழில் சங்க காலத்திலேயே தராசு அறத்தோடு சேர்ந்துவிட்டது. புறாவுக்காகத் தன்னையே தட்டில் ஏற்றிய மன்னனின் வழிவந்தவன் என்று சோழனைப் பாடும் புறநானூற்றுப் பாட்டு, அந்தத் தராசைக் கூடச் சும்மா விடவில்லை. யானைத் தந்தத்தைக் கடைந்து செய்த வெண்மையான முனைகளை உடைய கோல் என்கிறது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரை “கொள்வதூஉம் மிகை கொளாது, கொடுப்பதூஉம் குறை கொடாது” என்று புகழ்கிறது. குறைத்துக் கொடுப்பதை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை, கூட்டி வாங்குவதையும் சேர்த்தே சொல்கிறது பாருங்கள். விவசாயியிடம் சரக்கு வாங்குகிற இடத்தில் நடக்கும் அநியாயம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். திருவள்ளுவர் “சமன்செய்து சீர்தூக்கும் கோல்போல்” என்று ஆரம்பிக்கும் குறளைச் சான்றோருக்கே சொல்கிறார். தராசு முதலில் தானே சமமாக நிற்க வேண்டும், பிறகுதான் பிறவற்றை நிறுக்கலாம் என்று வரிசையும் அதில் இருக்கிறது. காலித் தட்டில் முள் நேராக இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது எடை போடுகிறவனுக்குப் பாலபாடம்.

மதங்கள் எல்லாம் இதைத் தொட்டிருக்கின்றன. “கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது” என்கிறது நீதிமொழிகள். அளவில் மோசடி செய்வோருக்குக் கேடு என்றே ஆரம்பிக்கும் தனி அத்தியாயம் குர்ஆனில் உண்டு. துலாபாரத்தில் வேறொரு பொருள் இருக்கிறது. அரசனே தட்டில் ஏறி உட்கார்ந்து, தன் எடைக்குப் பொன்னை நிறுத்துத் தானம் செய்வது. ராஜராஜன் கும்பகோணம் பக்கம் திருவிசலூரில் செய்தான். 1617இல் ஜஹாங்கீர் தட்டில் ஏறியதை ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோ நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். கூடலூர்ப் பக்கத்திலிருந்து குருவாயூர் போகிறவர்கள் இன்றும் குழந்தையைத் தட்டில் வைத்துக் கதலிப் பழமும் சர்க்கரையும் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அரசனுக்கும் குழந்தைக்கும் அதே தட்டு.

தராசை மனிதர் மேல் தவறாகப் பயன்படுத்தியதும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. நம் தர்ம சாஸ்திரங்களில் துலா என்றொரு சோதனை இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவரை ஒருமுறை நிறுத்து, இறக்கி, மந்திரம் சொல்லி, மறுபடி நிறுப்பார்கள். எடை குறைந்தால் நிரபராதி, கூடினால் குற்றவாளி. ஐரோப்பாவில் சூனியக்காரி என்று பழி விழுந்தவர்கள் எடை இல்லாமல் இருப்பார்கள் என்று நம்பினார்கள். நெதர்லாந்தின் ஔதவாட்டர் ஊர் எடைக்கூடம் அவர்களை நிறுத்து, இயல்பான எடைதான் என்று சான்றிதழ் கொடுத்து அனுப்பியது. மூடநம்பிக்கையின் நடுவிலும் ஒழுங்காக நிறுத்த ஒரு தராசு உயிரைக் காப்பாற்றியிருக்கிறது.

நீங்கள் கேட்ட நீதிமன்றப் படம் ரோமில் இருந்து வந்த வழி. ரோமானிய நாணயங்களில் தராசு பிடித்த பெண் உருவம் உண்டு. கண்ணைக் கட்டியது மிகவும் பிந்தி, 16ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. 1543இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர நீரூற்றில் வைத்த சிலை அதில் புகழ்பெற்றது. டெல்லி உச்ச நீதிமன்றக் கட்டடத்தையே தராசு வடிவத்தை மனத்தில் வைத்துத்தான் கட்டினார்கள். 1958இல் நீதிமன்றம் அங்கே குடிபோனது. நடுப்பகுதி தண்டு, இரண்டு பக்கச் சிறகுகள் தட்டுகள். 2024 அக்டோபரில் செய்திகளில் வந்த, அங்குள்ள புதிய நீதி தேவதை சிலையில் கண்கட்டு இல்லை, வாளுக்குப் பதில் அரசியல் சாசனம். தராசு மட்டும் கையில் அப்படியே இருக்கிறது. கண்ணைத் திறந்ததை நான் வரவேற்கிறேன். தராசு முள்ளைப் பார்க்கக் கண் வேண்டும்.

அப்புறம், கடைசிக் கேள்வி: எலக்ட்ரானிக் காலத்தில் அந்தப் படத்துக்கு அர்த்தம் உண்டா?

ஸ்பிரிங் தராசும் எலக்ட்ரானிக் தராசும் அடிப்படையில் வேறு ஜாதி. இரண்டு தட்டுத் தராசு ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடுகிறது. இவை பூமி இழுக்கும் விசையை அளந்து, அதைக் கிலோவாக மாற்றிக் காட்டுகின்றன. மலையில் இந்த வித்தியாசம் நிஜமாகவே தெரியும். உயரம் ஏற ஏறப் புவியீர்ப்பு குறையும், ஆயிரம் மீட்டருக்குப் பத்தாயிரத்தில் இரண்டு மூன்று பங்கு. மேட்டுப்பாளையத்தில் சரிபார்த்த எலக்ட்ரானிக் தராசை அப்படியே சுமார் 2,240 மீட்டர் உயரத்து உதகைக்குக் கொண்டுவந்தால் கிலோவுக்கு அரை கிராம் அளவில் குறைத்துக் காட்டும். தட்டுத் தராசில் இந்தப் பிரச்சினையே கிடையாது, சரக்கையும் படிக்கல்லையும் பூமி ஒரே மாதிரி இழுக்கும். ஒரு பவுன் நகையில் இது நாலு மில்லிகிராம், நகைக்கடைக்காரர் கவலைப்படலாம். ஐம்பது கிலோ இலை மூட்டையில் இருபது முப்பது கிராம். உங்களுக்குக் கவலை வேண்டாம். தராசை எந்த ஊரில் பயன்படுத்துகிறார்களோ அங்கேயே சரிபார்த்து முத்திரை வைக்க வேண்டும் என்பதற்கு மட்டும் இது நல்ல காரணம்.

இலை கொடுக்கும் விவசாயிக்கு நஷ்டம் வருவது வேறு வழிகளில். மழை நாளில் இலையில் ஒட்டிய தண்ணீருக்கு என்று கழிவு, சாக்குக்கு என்று கழிவு. ஈர இலைக்குக் கழிவு எடுப்பது நியாயமே, ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கும் மேலே பச்சை இலை வேண்டும், தண்ணீரை யாரும் விலைக்கு வாங்க மாட்டார்கள். ஆனால் எத்தனை சதவீதம் என்பதை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? வெயில் அடிக்கும் நாளிலும் அதே கழிவு எடுத்தால்? அடுத்தது, கிலோவுக்குக் கீழே உள்ள கிராமை எழுதாமல் விடுவது. ஒரு மூட்டைக்குச் சராசரி அரைக் கிலோ போனால், ஒரு பறிப்புக்கு ஆறு மூட்டை கொடுப்பவருக்கு மூன்று கிலோ காணாமல் போகிறது.

இளம் வயதில் நான் வேலைக்குச் சேர்ந்த ஓர் இடத்தில் தொங்கு தராசின் வட்ட முகப்பைக் குமாஸ்தா பக்கம் திருப்பிக் கட்டியிருந்தார்கள். மூட்டையை மாட்டுவார்கள், அது ஆடி நிற்பதற்குள் குமாஸ்தா ஓர் எண்ணைச் சொல்வார், இன்னொருவர் எழுதுவார், அடுத்த மூட்டை வந்துவிடும். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி வந்த ஓர் அம்மா, அங்கே தோட்டத்தில் கொழுந்து பறித்தவர், இங்கே கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தேயிலை பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு நாள் மூட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டார். “ஐயா, முள்ளை இந்தப் பக்கம் திருப்புங்க. நானும் பாக்குறேன். பாத்துட்டு மூட்டையை விடுறேன்” என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்களும் பேச ஆரம்பித்தார்கள். அந்த வாரமே முகப்பைத் திருப்பிக் கட்டினார்கள். தராசு அதேதான், ஸ்பிரிங் அதேதான். எழுதும் எண் மட்டும் மாறியது. நீதிமன்ற வாசலில் இருக்கும் படத்துக்கு என்ன பொருள் என்று அந்த அம்மாதான் எனக்குக் காட்டிக்கொடுத்தார்.

ஆகவே அர்த்தம் உண்டு, முன்பைவிட அதிகமாகவே உண்டு. எலக்ட்ரானிக் தராசு நல்ல கருவி. நான் அதற்கு எதிரி இல்லை. தட்டுத் தராசைவிடத் துல்லியம், வேகம். ஆனால் அதில் தட்டை மாற்றிப் போட முடியாது. உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. பழைய தராசு தானாகவே கொடுத்த உரிமையை இப்போது விதியாக எழுதிவைத்து, நாம் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. பொதுமக்களுக்கு நேரடியாக விற்கும் கடைத் தராசில் வாங்குபவர் பக்கமும் எண் தெரிய வேண்டும் என்பது விதி. வியாபாரத்தில் உள்ள எலக்ட்ரானிக் தராசை ஆண்டுக்கு ஒரு முறை சரிபார்த்து முத்திரை வைக்க வேண்டும், அதற்கான சான்றிதழை எல்லோர் பார்வையிலும் படும்படி வைக்க வேண்டும். இப்போது நடைமுறையில் இருப்பது 2009ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டம்.

உங்கள் அளவில் செய்யக்கூடியது இவ்வளவுதான். மூட்டையை மாட்டுவதற்கு முன் திரையில் பூஜ்யம் நிற்கிறதா என்று பாருங்கள். ஆட்டம் நின்று எண் நிலைத்த பிறகு எழுதச் சொல்லுங்கள், கிராமையும் சேர்த்து. மொத்த எடை, கழிவு, நிகர எடை மூன்றும் தனித்தனியாகச் சீட்டில் வர வேண்டும். நிகரத்தை மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். சந்தேகம் இருந்தால் வீட்டிலிருந்து முத்திரை உள்ள ஐந்து கிலோ படிக்கல் ஒன்றைக் கொண்டுபோய் எல்லோர் முன்னாலும் வைத்துப் பாருங்கள். படிக்கல் கிடைக்காவிட்டால் ஐந்து லிட்டர் தண்ணீர் அளந்து ஊற்றிய கேன் போதும், கேனின் எடையைத் தனியாகக் கழித்துக்கொள்ளுங்கள். காலிக் கேனை முதலில் வைக்க மறக்க வேண்டாம். வித்தியாசம் தெரிந்து, கேட்டும் சரிசெய்யவில்லை என்றால் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் எழுதிக் கொடுங்கள். கடையில் வாங்கிய பொருளில் எடை குறைந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், தேதியோடு.